ஹெய்செய் 31க்குப் பிறகு என்ன எழுதுவது? ஜப்பானிய சகாப்த மாற்றமும் நம் எக்செல் கோப்புகளும்

கோப்புக்காரி | 2019 ஜனவரி 21

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகா பக்கம் இயந்திர உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சென்னையில் இருந்தபடி அலுவலக வேலை பார்க்கும் குழுவில் இருக்கிறேன். கொட்டேஷன், இன்வாய்ஸ், டெலிவரி சலான், சம்பளச் சீட்டு எல்லாமே எக்செல். பாதிக்கு மேல் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய மேக்ரோக்கள், அதாவது எக்செலுக்குள் ஓடும் சிறு நிரல்கள்.

இந்தக் கோப்புகளில் தேதி ஜப்பானிய முறையில்தான் வர வேண்டும். அதாவது இன்று ஹெய்செய் சகாப்தத்தின் 31ஆம் ஆண்டு, ஜனவரி 21. ஏப்ரல் 30 அன்று பேரரசர் அகிஹிதோ பதவி விலகுகிறார், மே 1 முதல் புதுச் சகாப்தம். பெயரை ஏப்ரல் 1 அன்று அறிவிப்பார்கள் என்று இந்த மாதத் தொடக்கத்தில் பிரதமர் சொல்லியிருக்கிறார். இடையில் இருப்பது 30 நாள்.

பெயரே தெரியாத ஒன்றுக்கு எப்படித் தயாராவது? மைக்ரோசாஃப்ட் அப்டேட் வந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று மேலாளர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

தோக்கியோவாசி | 2019 ஜனவரி 21

உங்கள் சந்தேகம் சரிதான் அம்மா. தானாக மாறுவது கொஞ்சம்தான்.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. நம் கல்வெட்டுகளில் ராஜராஜனுக்கு யாண்டு இத்தனையாவது என்று வரும் அல்லவா, கிட்டத்தட்ட அதே கணக்குதான் இங்கே இன்றும் நடக்கிறது. மெய்ஜி காலத்திலிருந்து ஒரு பேரரசருக்கு ஒரு சகாப்தப் பெயர். மெய்ஜி 1868, தைஷோ 1912 ஜூலை 30, ஷோவா 1926 டிசம்பர் 25, ஹெய்செய் 1989 ஜனவரி 8. ஆண்டின் நடுவில் மாறினாலும் அந்த ஆண்டின் மிச்ச நாட்கள் புதுச் சகாப்தத்தின் முதல் ஆண்டு. ஜனவரி 1 வந்ததும் இரண்டாம் ஆண்டு. அதனால்தான் ஷோவா 64 என்ற ஆண்டுக்கு ஏழே நாள்தான் ஆயுள்.

போன முறை 1989 ஜனவரி 7 காலையில் பேரரசர் காலமானார். அன்று பிற்பகல் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் ஒபுச்சி கெய்சோ புதுப் பெயர் எழுதிய சட்டமிட்ட பலகையைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் காலை ஹெய்செய். ஒரே இரவு. அன்று அலுவலகங்களில் கணினி குறைவு, ரப்பர் முத்திரையை மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இந்த முறை உயிரோடு இருக்கும்போதே பதவி விலகுகிறார். 1817-இல் கோகாகு பேரரசர் விலகியதற்குப் பிறகு இதுதான் முதல். அதனால்தான் நமக்கு ஒரு மாதமாவது கிடைத்திருக்கிறது.

பெயர் தெரியாவிட்டாலும் வேலையில் முக்கால் பங்கை இப்போதே முடிக்கலாம். எந்த நாள் மாறுகிறது என்று தெரியும். இரண்டு கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து வந்த எழுத்து) என்று தெரியும். மெய்ஜி, தைஷோ, ஷோவா, ஹெய்செய் நான்கின் ஆங்கில முதலெழுத்தோடு மோதாத பெயராகத்தான் இருக்கும் என்று இங்கே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். படிவங்களில் எம், டி, எஸ், எச் என்று ஒற்றை எழுத்தில் குறிக்கும் பழக்கம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. தெரியாதது அந்தப் பெயர் மட்டும். அதற்கு ஒரே ஒரு காலி இடம் விட்டு மற்ற எல்லாவற்றையும் கட்டி முடியுங்கள். அந்த இடம் ஒரே ஒரு இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர்.

---

கணக்குப்பிள்ளை | 2019 ஜனவரி 22

முதலில் ஓர் எச்சரிக்கை. உங்கள் வாடிக்கையாளரிடம் ஆபிஸ் 2010 இருந்தால் அவசரப்பட்டு எதையும் நிறுவ வேண்டாம். புதுச் சகாப்தத்துக்காக இந்த மாதம் 2010க்கு வந்த அப்டேட்டுகளை, எக்செலில் சிக்கல் வருகிறது என்று மைக்ரோசாஃப்டே திரும்பப் பெற்றுவிட்டது. நிறுவியவர்கள் நீக்கிவிடும்படி அறிவிப்பு இருக்கிறது. எந்த அப்டேட்டையும் ஒரு கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதில் போடுங்கள்.

இனி விஷயம். எக்செலுக்குச் சகாப்தம் தெரியாது, எண்தான் தெரியும். 2019 ஏப்ரல் 30 என்பது 43585, மே 1 என்பது 43586. அந்த எண்ணை எப்படிக் காட்டுவது என்பது செல்லின் ஃபார்மேட். ஜி எழுத்தை மூன்று முறை போட்டால் சகாப்தப் பெயர் முழுதாக வரும், இரண்டு முறை என்றால் முதல் கான்ஜி மட்டும், ஒரு முறை என்றால் ஆங்கில எழுத்து. அடுத்து ஈ போட்டால் சகாப்த ஆண்டு. இப்படி உண்மையான தேதியாக இருக்கும் செல்களை அப்டேட் காப்பாற்றும். மேலாளர் சொல்வது இந்த அளவுக்குச் சரி.

காப்பாற்றாதவை எவை என்று தேடுங்கள். ஹெய்செய் என்ற இரண்டு கான்ஜியை யாராவது கையால் தட்டி, பக்கத்துச் செல்லில் 31 என்று எழுதியிருப்பார்கள். மேக்ரோவில் ஆண்டிலிருந்து 1988-ஐக் கழித்திருப்பார்கள். தலைப்பில், அடிக்குறிப்பில், டெக்ஸ்ட் பாக்ஸில், படமாக ஒட்டிய முத்திரையில் பெயர் இருக்கும். கோப்பின் பெயரிலேயே எச்31 இருக்கும். இவற்றை எந்த அப்டேட்டும் தொடாது.

1988 என்ற எண்ணை எல்லா மேக்ரோக்களிலும் தேடிப் பாருங்கள். அங்கேதான் பாதி வேலை ஒளிந்திருக்கிறது. 1925 என்றும் தேடுங்கள், அது ஷோவாவுக்குக் கழிக்கும் எண்.

---

கோப்புக்காரி | 2019 ஜனவரி 30

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் உட்கார்ந்து தேடினேன். 1988 பதினேழு இடத்தில் இருந்தது. அதில் மூன்று இடத்தில் அது பொருள் எண், ஆண்டே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் விலைப்பட்டியல் கெட்டிருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து படித்துத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2021 வரை ஓடும் பராமரிப்பு ஒப்பந்தங்களில் முடிவுத் தேதி ஹெய்செய் 33 என்று அச்சாகி, கையெழுத்தும் ஆகிவிட்டது. ஹெய்செய் 33 என்று ஓர் ஆண்டே வரப்போவதில்லையே, அந்தக் காகிதம் செல்லுமா?

---

தோக்கியோவாசி | 2019 ஜனவரி 30

செல்லும். என் ஓட்டுநர் உரிமத்திலேயே ஹெய்செய் 33 வரை என்றுதான் இருக்கிறது. எந்த நாளைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் இல்லாதவரை ஆவணம் கெடுவதில்லை. காகிதத்தை விட்டுவிடுங்கள். அதே தேதியை யாராவது கணினியில் தட்டும்போது என்ன ஆகும் என்பதைப் பாருங்கள்.

---

நிரல்நெசவு | 2019 ஜனவரி 31

அண்ணன் கடைசி வரியில் சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. காட்டுவது வேறு, படிப்பது வேறு. காட்டும்போது கண்டிப்பாக இருக்கலாம், மே 1க்குப் பிறகு ஹெய்செய் என்று காட்டவே கூடாது. படிக்கும்போது தாராளமாக இருக்க வேண்டும். ஒருவர் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து ஹெய்செய் 33 மார்ச் 31 என்று உள்ளிட்டால் அதை 2021 மார்ச் 31 என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். "சகாப்தம் முடிந்துவிட்டது, தேதி தவறு" என்று துரத்தினால் ஊழியர் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு வேலையை முடித்துவிடுவார், தவறான தரவு உள்ளே போய்விடும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல் தளத்தில் இந்த வரம்புச் சோதனையைத் தளர்த்தவும் இறுக்கவும் தனி அமைப்பே இருக்கிறது.

விண்டோஸ் எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கேலண்டர்ஸ் என்பதன் கீழ் ஜாப்பனீஸ், அதன் கீழ் ஈராஸ் என்று ஒரு கிளை. ஒவ்வொரு சகாப்தமும் ஒரு வரி. வரியின் பெயர் தொடங்கும் நாள். மதிப்பில் நான்கு துண்டு, அடிக்கோடு போட்டுப் பிரித்தது: முழுப் பெயர், ஒற்றைக் கான்ஜி, ஆங்கிலப் பெயர், ஆங்கில எழுத்து. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் 2019 மே 1க்கு ஒரு வரி போட்டு, பெயர் வர வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி வைத்திருந்தார்கள். தோக்கியோ அண்ணன் சொன்ன காலி இடம் அதுதான்.

சோதனைக் கணினி ஒன்றில் அந்த வரியில் நீங்களாக ஒரு பொய்ப் பெயர் போட்டுப் பாருங்கள். யாரும் உண்மை என்று நம்பாத பெயராக இருக்கட்டும், தவறி வெளியே போனால் ஆபத்து. பிறகு உங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஏப்ரல் 30, மே 1, டிசம்பர் 31, 2020 ஜனவரி 1 நான்கு நாளையும் போட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் ஹெய்செய் பிடிவாதமாக நிற்கிறதோ அங்கெல்லாம் கையால் எழுதியது இருக்கிறது. செல்லின் ஃபார்மேட்டையும் மேக்ரோவுக்குள் இருக்கும் ஃபார்மேட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டும் ஒன்றாகவே நடந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

---

நேர்வழி | 2019 பிப்ரவரி 2

இவ்வளவு பாடு எதற்கு? 2019 என்று நேராக எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை இன்றைக்கும் இல்லை, இன்னும் முப்பது வருடம் கழித்தும் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசிச் சம்மதிக்க வையுங்கள். சட்டப்படி தனியார் சகாப்தத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 1979-இல் வந்த கென்கோ (சகாப்தப் பெயர்) சட்டம் பெயரை எப்படித் தீர்மானிப்பது என்று மட்டும்தான் சொல்கிறது.

---

தோக்கியோவாசி | 2019 பிப்ரவரி 2

சட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரி தம்பி. ஆனால் இங்கே நகராட்சிப் படிவம், ஓய்வூதியப் படிவம், வரிப் படிவம் எதை எடுத்தாலும் பிறந்த தேதிக் கட்டத்தில் சகாப்தங்களின் முதல் கான்ஜியை வரிசையாக அச்சடித்து, உங்களுடையதை வட்டமிடச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் வயதான கணக்காளர் அம்மாவிடம் பிறந்த வருடம் கேட்டால் ஷோவா 29 என்று யோசிக்காமல் சொல்வார். 1954 என்று சொல்ல ஒரு நொடி தடுமாறுவார். அவர்களுக்கு அது வெறும் எண் இல்லை. இத்தனை வருடம் இங்கே இருந்து எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. என் மகள் ஹெய்செய் 22-இல் பிறந்தவள்.

சேமிப்பது மேற்கத்திய ஆண்டில், காட்டுவது அவர்களுடைய ஆண்டில். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

---

நேர்வழி | 2019 பிப்ரவரி 3

சேமிப்பைப் பற்றி நாம் இருவரும் ஒன்றையே சொல்கிறோம் என்றால் எனக்கு வேறு வாதம் இல்லை அண்ணா. ஆனால் தரவுத்தளத்தில் எச்31, எஸ்63 என்று எழுத்தாகவே தேதியைப் போட்டு வைத்திருக்கும் இடங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எச், எம், எஸ், டி என்று அகரவரிசையில் அடுக்கினால் ஹெய்செய் முதலில் வந்து தைஷோ கடைசியில் நிற்கும். புது எழுத்து எதுவாக இருந்தாலும் அந்த வரிசை நேராகப் போவதில்லை. அங்கெல்லாம் இந்த மாற்றத்தைச் சாக்காக வைத்தாவது உண்மையான தேதிக்கு மாற்றுங்கள். இதை மட்டும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

---

கோப்புக்காரி | 2019 ஏப்ரல் 1

ரெய்வா!

இங்கே காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்துவிட்டோம். ஜப்பான் நேரம் பதினொன்றரைக்கு என்று சொன்னது பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனது. அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் சுகா யோஷிஹிதே பெயர்ப் பலகையைத் தூக்கிக் காட்டியபோது எங்கள் குழுவில் ஜப்பானிய மொழி தெரிந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மான்யோஷு என்ற பழைய ஜப்பானியப் பாடல் தொகுப்பில், பிளம் மலர்ப் பாடல்களுக்கான முன்னுரையில் இருந்து எடுத்ததாம். இதுவரை சீன நூல்களில் இருந்துதான் எடுப்பார்களாம், சொந்த நூலில் இருந்து எடுத்தது இதுதான் முதல் முறை.

மேக்ரோக்கள் எல்லாம் இப்போது ஒரே ஒரு ஷீட்டைப் பார்க்கின்றன. சகாப்தம் தொடங்கும் நாள், பெயர், எழுத்து, கழிக்க வேண்டிய எண், மொத்தம் ஐந்து வரி. ஐந்தாவது வரியில் பிப்ரவரியிலிருந்து காலியாக இருந்த கட்டத்தில் பெயரைத் தட்டினேன். ஆர், கழிக்க 2018. அவ்வளவுதான். பன்னிரண்டு சோதனைக் கோப்புகளைத் திறந்தோம், பன்னிரண்டும் சரி.

எல்லோருக்கும் நன்றி. தோக்கியோ அண்ணா, "ஒரே ஒரு இடம்" என்று நீங்கள் சொன்னதை எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன்.

---

எழுத்துருவன் | 2019 ஏப்ரல் 3

புதிதாக வருகிறேன். எழுத்துரு பக்கம் இருந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

ஹெய்செய், ஷோவா, தைஷோ, மெய்ஜி நான்குக்கும் இரண்டு கான்ஜியையும் ஒரே சதுரத்துக்குள் அடக்கிய தனி எழுத்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் உண்டு. குறியீட்டு எண் 337பி முதல் 337ஈ வரை, ஹெய்செய் முதலில், மெய்ஜி கடைசியில். அதற்கு முன்னும் பின்னும் வேறு குறிகள் உட்கார்ந்திருப்பதால் ரெய்வாவுக்குப் பக்கத்தில் இடம் இல்லை. 32எஃப்எஃப் என்ற இடத்தைப் போன ஆண்டே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆனால் பெயர் தெரியாமல் எழுத்தைச் சேர்க்க முடியவில்லை. காரணம் வெறும் வடிவம் இல்லை. இந்த மாதிரிக் கூட்டெழுத்து ஒவ்வொன்றுக்கும் "இதைப் பிரித்தால் இந்த இரண்டு கான்ஜி" என்ற விதியும் சேர்த்துப் பதிவாக வேண்டும். அந்த விதியை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு மாற்றவே கூடாது. மார்ச்சில்தான் யூனிகோட் 12.0 வந்தது. இந்த ஒரே ஒரு எழுத்துக்காக 12.1 வரப்போகிறது.

பல ஆண்டுகளாக எழுத்துக் குறியீட்டு வேலையில் இருக்கிறேன். ஓர் எழுத்துக்காக ஒரு பதிப்பே வெளிவருவதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. ஒரு நாட்டு மக்கள் தங்கள் நாளை எப்படி எழுதுகிறார்களோ அதற்கு உலகம் இடம் கொடுக்கிறது.

உங்களுக்கு வேலையில் பயன்படும் ஆலோசனை: அந்தச் சதுர எழுத்தை டெம்ப்ளேட்டில் பயன்படுத்தாதீர்கள். எழுத்துரு புதுப்பிக்காத கணினியில் வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும். இரண்டு கான்ஜியைத் தட்டித் தேடினால் பல மென்பொருளில் அது அகப்படாது. பழைய கோப்பில் ஹெய்செய் சதுர எழுத்து இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், அது உங்கள் பழைய தேடலில் தப்பியிருக்கும்.

---

கோப்புக்காரி | 2019 ஏப்ரல் 4

தப்பித்தான் இருந்தது. சம்பளச் சீட்டில் மேல் மூலையில். நீங்கள் சொல்லாவிட்டால் மே மாதச் சம்பளம் ஹெய்செய் என்று போயிருக்கும். மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். ரெய்வாவின் முதல் கான்ஜியின் கடைசிக் கோடு எங்கள் திரையில் நேராக இறங்குகிறது. ஒசாகாவில் இருந்து கையால் எழுதி அனுப்பியதில் வேறு மாதிரி வளைந்து, புள்ளி போல முடிகிறது. எது சரி?

---

எழுத்துருவன் | 2019 ஏப்ரல் 4

இரண்டும் சரி. அச்சு வடிவம் ஒன்று, கையெழுத்து வடிவம் ஒன்று. ஜப்பானின் பண்பாட்டு அலுவல்கள் முகமை இரண்டையும் ஏற்கிறது. குறியீடும் ஒன்றுதான், எழுத்துருவுக்கு எழுத்துரு வடிவம் மாறும்.

---

கணக்குப்பிள்ளை | 2019 ஏப்ரல் 17

ஜாவா வைத்திருப்பவர்களுக்கு: நேற்று ஜாவா 8-இன் 211ஆம் அப்டேட், 11.0.3, 12.0.1 வந்துவிட்டன, மூன்றிலும் ரெய்வா உண்டு. மார்ச்சில் வந்த ஜாவா 12-இல் "புதுச் சகாப்தம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தற்காலிகப் பெயர்தான் இருந்தது. அதை வைத்து மே மாதத் தேதியில் சோதனை அச்சு எடுத்தவர்கள் அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

எக்செலில் அப்டேட் போட முடியாத பழைய கணினிகளுக்கு ஒரு தற்காலிக வழி இங்கே பலரும் சொல்கிறார்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (செல்லின் மதிப்பைப் பொறுத்துக் காட்டும் விதத்தை மாற்றும் வசதி) 43586க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் "ரெய்வா முதல் ஆண்டு" என்று எழுத்தாகவே காட்டி, பிறகு மாதம், நாள். இந்த ஆண்டுக்கு இது வேலை செய்யும். ஆனால் விதிக்கு மேல் வரம்பும் போடுங்கள், 43830 வரை மட்டும், அதாவது 2019 டிசம்பர் 31. மறந்தால் அடுத்த ஜனவரியிலும் முதல் ஆண்டு என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

---

நிரல்நெசவு | 2019 ஏப்ரல் 19

முதல் ஆண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜப்பானில் சகாப்தத்தின் முதல் ஆண்டை 1 என்று எழுதுவதைவிட "கன்னென்" என்று எழுதுவதுதான் மரபு. கன் என்ற கான்ஜிக்குத் தொடக்கம் என்று பொருள், எண் இல்லை. ஹெய்செய் 1 முடிந்து முப்பது வருடம் ஆகிவிட்டதால் இந்தக் கான்ஜியைச் சந்திக்காமலேயே ஒரு தலைமுறை நிரல் எழுதிவிட்டது. விண்டோஸ் சில இடத்தில் கன் என்று காட்டும், எக்செல் செல்லில் வழக்கமான ஃபார்மேட் போட்டால் 1 என்று வரும், கன் வேண்டுமென்றால் ஃபார்மேட்டில் அதற்கென்று ஒரு குறியைச் சேர்க்க வேண்டும். எழுத்தாக வரும் தேதியை வெட்டி ஆண்டை எடுக்கும் மேக்ரோ ஏதாவது இருந்தால் இன்றே பாருங்கள்.

---

கோப்புக்காரி | 2019 மே 8

ஏப்ரல் 27 முதல் மே 6 வரை அங்கே பத்து நாள் தொடர் விடுமுறை. நேற்றுத்தான் முதல் வேலை நாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், அடுத்தவருக்குப் பயன்படட்டும்.

நிரல்நெசவு எச்சரித்தது அப்படியே நடந்தது. நான் அந்தப் பதிவைப் படித்தேன், எங்களிடம் அப்படி மேக்ரோ இல்லை என்று நினைத்தேன். இருந்தது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆர்டர் தாளில் இருந்து தேதியை எழுத்தாக எடுத்து, சகாப்தப் பெயருக்கும் ஆண்டு என்ற கான்ஜிக்கும் நடுவில் இருப்பதை எண்ணாக மாற்றும் பழைய மேக்ரோ. நடுவில் கன் வந்தது. எண்ணாக மாற்றியபோது பூஜ்யம். 2018-உடன் பூஜ்யத்தைக் கூட்டினால் 2018. நேற்றுக் காலை வந்த ஆர்டர்களுக்கெல்லாம் டெலிவரி தேதி போன வருடம் என்று பதிவானது, தாமதமான சரக்குப் பட்டியல் ஒரேயடியாக நிறைந்துவிட்டது. கிடங்கில் இருந்தவர் போன் செய்து கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கன் வந்தால் 1 என்று எடுக்க ஒரு வரி சேர்த்தோம், பத்து நிமிட வேலை.

இரண்டாவது. ஒரே இன்வாய்ஸ் கோப்பு ஒசாகாவில் ஒரு கணினியில் ரெய்வா என்று அச்சானது, பக்கத்து மேசைக் கணினியில் ஹெய்செய் 31 என்று அச்சானது. கோப்பில் தவறில்லை, இரண்டாவது கணினியில் விண்டோஸ் அப்டேட் நின்று போயிருந்தது. விடுமுறையில் அணைத்தே வைத்திருந்தார்களாம். அது தெரியும்வரை மூன்று மணி நேரம் கோப்பையே குடைந்துகொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொரு கோப்பும் திறந்தவுடன் 43586-ஐச் சகாப்த ஃபார்மேட்டில் மாற்றிப் பார்க்கிறது. ரெய்வா என்று வராவிட்டால் "இந்தக் கணினியை அப்டேட் செய்யாமல் அச்சடிக்க வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லி நிற்கும்.

அந்த ஹெய்செய் இன்வாய்ஸ்கள் போய்விட்டன. திரும்ப அனுப்ப வேண்டுமா?

---

தோக்கியோவாசி | 2019 மே 8

இன்வாய்ஸைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. வரித்துறைக்கு ஹெய்செய் 31 ஜூன் 1 என்று தேதி போட்டுக் கொடுத்தால்கூடச் செல்லும் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஆனாலும் வாடிக்கையாளருக்கு இரண்டு வரி மன்னிப்புக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே அது செல்லுபடியாவதைவிட முக்கியம்.

அச்சடித்து மீதமிருக்கும் காகிதங்களை வீணாக்க வேண்டாம். ஹெய்செய் மேல் இரட்டைக் கோடு போட்டு, பக்கத்தில் ரெய்வா முத்திரை குத்தலாம். எங்கள் தெருவில் முத்திரைக் கடைக்காரர் ஏப்ரல் முழுக்கச் சாயங்காலம் விளக்கை அணைக்கவில்லை.

கிடங்குக்காரரிடம் நீங்களே போன் செய்து, என்ன நடந்தது, எப்படிச் சரியானது என்று சொல்லிவிடுங்கள் அம்மா. அவர் மனம் லேசாகும்.

---

எழுத்துருவன் | 2019 மே 8

நேற்று யூனிகோட் 12.1 வெளிவந்துவிட்டது. மொத்த எழுத்துகள் 1,37,929. கடைசியாகச் சேர்ந்தது ரெய்வா.

---

புதியவன் | 2020 ஜனவரி 7

இந்த இழையைத் தேடி வந்தேன். எங்கள் கொட்டேஷனில் நேற்று முதல் "ரெய்வா முதல் ஆண்டு ஜனவரி 6" என்று வருகிறது. மே மாதம் யாரோ கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டிருக்கிறார்கள். அப்டேட் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

---

கணக்குப்பிள்ளை | 2020 ஜனவரி 7

அந்த விதியை அழித்துவிடுங்கள். அப்டேட் வந்த பிறகு அது தேவையே இல்லை. ஜி மூன்று, ஈ ஒன்று என்ற பழைய ஃபார்மேட்டே ரெய்வா 2 என்று சரியாகக் காட்டும்.

---

நேர்வழி | 2025 ஜனவரி 10

ஐந்து வருடம் கழித்து இழையைத் திறக்கிறேன். அன்று இங்கே எழுத்துத் தேதி பற்றி வலியுறுத்திக் கேட்டவன் நான்தான். இந்த ஆண்டு ஷோவாவில் எண்ணினால் 100. ஷோவா காலத்தில் எழுதிய சில மென்பொருள்கள் வெளியே ஹெய்செய், ரெய்வா என்று காட்டினாலும் உள்ளே இன்னும் ஷோவா ஆண்டை இரண்டு இலக்கத்தில்தான் வைத்திருக்கின்றன. 1989-இல் நேரமில்லாமல் மேலே மட்டும் பூசிவிட்டு உள்ளே ஷோவா 64, 65 என்று ஓடவிட்டவை. போன ஆண்டு 99. இந்த ஆண்டு 00 ஆகிவிடும்.

கோப்புக்காரி அக்கா, நீங்கள் அன்று 1925 என்று தேடியதில் ஏதாவது அகப்பட்டதா?

---

கோப்புக்காரி | 2025 ஜனவரி 12

தம்பி, அகப்பட்டது. ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த ஆண்டை ஷோவாவில் இரண்டு இலக்கமாக வைத்திருந்த ஒரு பட்டியல், அதோடு சேவை ஆண்டைக் கணக்கிடும் ஒரு மேக்ரோ. நடப்பு ஆண்டில் இருந்து 1925-ஐக் கழித்து, கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்து, அதிலிருந்து சேர்ந்த ஆண்டைக் கழிக்கும். 2019-இல் 94 என்று சரியாகத்தான் வந்தது. யாரும் தொட வேண்டாம் என்றார்கள். நான் அதையும் அந்த ஐந்து வரி ஷீட்டுக்கே மாற்றிவிட்டேன்.

உங்கள் பதிவைப் பார்த்ததும் பழைய கோப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஷோவா 58-இல் சேர்ந்தவருக்குச் சேவை ஆண்டு கழித்தல் 58 என்று வருகிறது. புதுக் கோப்பில் 42.

அவர்தான் அன்று போன் செய்த கிடங்குக்காரர். இந்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.